அடங்கியவை, அடங்காதவை

பழைய பாஸ்போர்ட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஏழு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடும்பமாக வெளிநாடு சென்றுவந்த பயணத்தின் கொட்டேஷன் இழுப்பறையின் அடியிலிருந்து அகப்பட்டது. ஒரே ஒரு தாள். ‘அடங்கியவை’ என்ற தலைப்பின் கீழ் 14 வரிகள் இருந்தன. ‘அடங்காதவை’ என்ற தலைப்பின் கீழ் மூன்றே வரிகள்: சலவை, தொலைபேசி, ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் நாமாக விரும்பிக் கொடுக்கும் டிப்ஸ். தாளின் ஓரத்தில், அப்போது கைக்குழந்தையாக இருந்த மகளை அரை ஆளாகக் கொண்டு, மொத்தத் தொகையை மூன்றரையால் வகுத்து என் கணவர் பென்சிலால் போட்டிருந்த கணக்கு இன்னும் மங்காமல் இருந்தது.

அதே வாரத்தில்தான் இந்த ஆண்டு விடுமுறைக்கான கொட்டேஷனும் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருந்தது. இப்போது அது ஆறு பக்கம். ‘அடங்கியவை’ ஒன்பது வரிகளாகச் சுருங்கியிருந்தது; ‘அடங்காதவை’ 22 வரிகளாக வளர்ந்து, அடுத்த பக்கத்துக்கும் ஒழுகியிருந்தது. விமானத்தில் பெட்டி ஏற்றும் கட்டணம், இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் கட்டணம், மதிய உணவு, நகர வரி, விசா, காப்பீடு, ‘கட்டாய டிப்ஸ்’ என்று வரிசை நீண்டது. விரும்பிக் கொடுப்பதற்குத்தானே டிப்ஸ் என்று பெயர். அது எப்படிக் கட்டாயமாக முடியும் என்பதை இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

விலை ஏறியிருந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, கணக்கே போட முடியவில்லை. பழைய தாளின் அடியில் இருந்த எண் பயணத்தின் விலை. புதிய தாளில் இருப்பது பயணத்தின் தொடக்க விலை. உயர்ந்த விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த விலைக்குள் முன்பு இருந்தவை ஒவ்வொன்றாக வெளியேறியதையும், வெளியேறிய ஒவ்வொன்றும் குடும்பத்தின் தலைகளை எண்ணிக்கொண்டு திரும்பி வருவதையும் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

பேக்கேஜ் டூர் என்ற கருத்தின் அடிப்படையே அந்த ஒற்றை எண்தான். 1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி தாமஸ் குக், இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக ஏறத்தாழ 500 பேரை ரயிலில் அழைத்துச் சென்றபோது, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கினார். விமானத்தில் போகும் பேக்கேஜ் பயணத்தைத் தொடங்கிவைத்தவராகக் கருதப்படும் விளாடிமிர் ரைட்ஸ், 1950இல் கோர்சிகா தீவுக்கு ஆட்களைக் கூட்டிச் சென்றார். முதலில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் மட்டுமே ஏற்றலாம் என்ற நிபந்தனையோடுதான் அவருக்கு அனுமதி கிடைத்தது. கட்டணம் 32 பவுண்டு 10 ஷில்லிங். தங்கியது கூடாரத்தில் என்றாலும் விமானம், படுக்கை, சாப்பாடு எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே இருந்தன. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், கடல் கடந்து போய் வருவதற்கு எவ்வளவு ஆகும் என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அறிந்துகொண்டு, அந்த அளவுக்குச் சேமித்தால் போதும் என்று நிம்மதியாக இருக்க முடிந்தது. பேக்கேஜ் விற்றது அந்த நிம்மதியைத்தான்.

அடக்கச் செலவு கூடியதற்கான காரணங்களைப் பற்றி நான் வாதாடப்போவதில்லை, அவை உண்மையானவை. விமான நிறுவனத்தின் மொத்தச் செலவில் எரிபொருள் மட்டுமே ஏறத்தாழ கால் பங்கைத் தாண்டும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டதால், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமானது. அந்தக் கூடுதல் நேரத்துக்கான எரிபொருளையும் ஊழியர் சம்பளத்தையும் பயணிதான் கொடுக்க வேண்டும். பெருந்தொற்றுக்குப் பின் பயணிகள் திரும்பி வந்த வேகத்துக்குப் புதிய விமானங்கள் வரவில்லை. போதாக்குறைக்கு, 2023இல் பிராட் அண்டு விட்னி நிறுவனத்தின் ஒரு வகை என்ஜினில் உலோகத் தூள் குறைபாடு இருப்பது தெரியவந்து, சோதனைக்காக நூற்றுக்கணக்கான விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. விடுதிக்கு டாலரிலோ யூரோவிலோ பணம் கட்ட வேண்டிய டூர் நிறுவனம், வாடிக்கையாளரிடம் அவர் நாட்டு நாணயத்தில் வாங்குகிறது. அந்த நாணயம் சரிந்தால் சரிந்த அளவுக்கு விலை ஏறும். இதெல்லாம் தனியாகப் பயணம் போகிறவருக்கும் பொருந்தும். குடும்பமாகப் போகிறவர்களுக்கென்று தனியாக விழும் அடி வேறு இடத்தில் இருக்கிறது.

அதை நான் கண்டுபிடித்தது ஓர் இரவு பதினோரு மணிக்கு, பிள்ளைகள் தூங்கிய பின், விமானச் சீட்டு விற்கும் தளம் ஒன்றில். குறிப்பிட்ட ஒரு விமானத்துக்கு ஒரு பயணி என்று போட்டுத் தேடினேன். ஒரு விலை வந்தது. இரண்டு பேர் என்று மாற்றினேன். தலைக்கு அதே விலை. மூன்று பேர் என்றதும் தலைக்கு ஆறில் ஒரு பங்கு கூடிவிட்டது. நான்கு பேர் என்றபோதும் அந்தக் கூடிய விலையே நின்றது. மீண்டும் ஒருவர் என்று மாற்றினால், பழைய குறைந்த விலை ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்தது. நேரம் ஆக ஆக விலை ஏறுகிறது என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை என்பது ஐந்தாறு முறை முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்த பிறகு உறுதியானது.

மறுநாள் முகவரிடம் கேட்டபோது, இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்ற குரலில் அவர் விளக்கினார். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் எகானமி இருக்கைகளை, விமான நிறுவனங்கள் எழுத்துகளால் குறிக்கப்படும் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. கீழ் அடுக்கில் இரண்டே இருக்கைகள் மீதமிருக்கும்போது நான்கு பேருக்கு ஒன்றாகக் கேட்டால், கணினி இரண்டைக் குறைந்த விலைக்கும் இரண்டைக் கூடிய விலைக்கும் கொடுக்காது. நால்வரையும் ஒரே அடுக்கில் சேர்க்க வேண்டுமென்று, நால்வருக்கும் இடமிருக்கும் மேல் அடுக்குக்குத் தாவிவிடும். “ரெண்டு ரெண்டா பிரிச்சு புக் பண்ணலாம் மேடம், ஆனா பிஎன்ஆர், அதாவது புக்கிங் நம்பர், தனித்தனியா இருக்கும், ஃபிளைட் கேன்சல் ஆச்சுன்னா ரெண்டு பேர் இன்னிக்கும் ரெண்டு பேர் நாளைக்கும் போகவேண்டி வரலாம்” என்றார். ஏழு வயது மகள் ஒரு விமானத்திலும் நான் வேறொரு விமானத்திலுமாக இருப்பதை நினைத்துப் பார்த்துவிட்டு, கூடிய விலையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சேர்ந்து போக வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக நாங்கள் கொடுத்த தொகை அது. எந்தக் கொட்டேஷனிலும் அதற்குத் தனி வரி கிடையாது.

மீதமிருக்கும் இடங்களைப் பார்த்து விலையை ஏற்றி இறக்கும் இந்த முறை புதிதல்ல. மக்கள் விரைவு என்று பொருள்படும் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவுக் கட்டண நிறுவனத்தோடு போட்டியிட, 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானங்களில் ஒரு பகுதி இருக்கைகளை மட்டும் முன்கூட்டியே வாங்குபவர்களுக்கு மிகக் குறைந்த விலைக்குத் திறந்துவிட்டு, எத்தனை இருக்கைகளை அப்படி விற்கலாம் என்பதைக் கணினியால் கணக்கிட்டது. இந்த ஏற்ற இறக்கத்தின் சூடு படாமல் குடும்பங்களைப் பல காலம் காத்து வந்தது பேக்கேஜ்தான். டூர் நிறுவனம் ஓராண்டுக்கு முன்பே இருக்கைகளையும் அறைகளையும் மொத்தமாக ஒரு விலைக்குப் பிடித்து வைத்துவிடும்; விற்காமல் போனால் நட்டம் அதற்கு. இன்று பேக்கேஜ் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பல, நாம் கேட்கும் அந்த நிமிடத்தில் விமானத்தின் அன்றைய விலையையும் விடுதியின் அன்றைய விலையையும் கூட்டிக் காட்டுபவை. கொட்டேஷனின் ஆயுள் 48 மணி நேரம் என்று எழுதியிருப்பதன் காரணம் அதுதான். பெயர் பேக்கேஜ், உள்ளே இருப்பதோ சந்தை.

அடுத்தது வயது. என் மகனுக்குப் பன்னிரண்டு வயது நிறையப்போகிறது. வீட்டில் அவன் இன்னும் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடுகிறவன். விலைப்பட்டியலிலோ இன்னும் சில வாரங்களில் முழு ஆள். விமானக் கட்டணத்தின் வழக்கமான கணக்கில், இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் அமர்ந்து பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொடுக்கும். இரண்டு முதல் பதினொன்று வரை ஒரு சலுகை உண்டு. பன்னிரண்டில் அது நின்றுவிடும். மலிவுக் கட்டண விமானங்கள் பலவற்றில் இந்தச் சலுகையும் இல்லை, இரண்டு வயது நிறைந்தவுடன் முழுக் கட்டணம்தான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்தது. ஆறு வயதுக்குக் கீழ் கட்டணமில்லை, ஆறிலிருந்து பன்னிரண்டு நிறையும் வரை 45 யூரோ. பிரிட்டனின் மின்னணுப் பயண அனுமதியோ வயதே பார்ப்பதில்லை. 2025 ஏப்ரலில் அது 10 பவுண்டிலிருந்து 16 பவுண்டானபோது, பிறந்து ஒரு மாதம் ஆன சிசுவுக்கும் அதே 16 பவுண்டுதான். இத்தனைக்கும் நடுவே, எகானமியில் பயணம் செய்யும் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதே பிரிட்டன் 2016 முதல் விமானப் பயணிகள் வரியை விலக்கி வைத்திருக்கிறது. பிள்ளைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு யோசித்த யாரோ ஒருவர் அந்த அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டும்.

விடுதி அறைகள் இருவருக்கானவை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் ‘ஒரு நபருக்கு’ என்ற தொகை, ஓர் அறையை இரு பெரியவர்கள் பகிர்ந்துகொண்டால் வரும் தொகை. மூன்றாவது ஆள் ‘படுக்கையுடன் குழந்தை’ அல்லது ‘படுக்கையில்லாக் குழந்தை’ என்று ஒரு வரியாக நுழைவார். நான்காவது ஆள் நுழையும்போதுதான் சிக்கல்: பல விடுதிகள் ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் விடுவதில்லை. அப்போது மீதமிருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும் குடும்ப அறை. மற்றொன்று, இரண்டு அறைகளை எடுத்து அப்பாவும் மகனும் ஒன்றில், அம்மாவும் மகளும் மற்றொன்றில் என்று தங்குவது. நாங்கள் ஒருமுறை இரண்டாவது வழியில் போனோம். ஒரு அறை மூன்றாம் தளத்திலும் மற்றது ஏழாம் தளத்திலும் கிடைத்தது. பற்பசை யார் அறையில் இருக்கிறது என்பதற்காக மின்தூக்கியில் ஏறி இறங்கியதுதான் அந்தப் பயணத்தில் பிள்ளைகளுக்கு இன்றும் நினைவிருப்பது.

பள்ளி விடுமுறை என்ற சுவரில் முட்டாத பெற்றோர் இல்லை. பள்ளி திறந்தபின் ஒரு வாரம் கழித்துப் போனால் அதே விமானம், அதே அறை, அதே கடற்கரை கணிசமாக மலிவு. ஆனால் அப்போது போக முடியாதவர்கள்தாம் குடும்பங்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் கிளம்பினால் விலை ஏறத்தான் செய்யும் என்பதைச் சில நாடுகள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன. ஜெர்மனியில் கோடை விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு தேதியில் தொடங்கி, ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை பரவிக் கிடக்கும். பிரான்ஸ் தன் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, குளிர்கால விடுமுறையையும் வசந்தகால விடுமுறையையும் மாற்றி மாற்றி விடுகிறது. இங்கிலாந்து எடுத்த வழி வேறு: அனுமதியில்லாமல் பள்ளி நாட்களில் பிள்ளையை அழைத்துச் சென்றால் விதிக்கும் அபராதத்தை 2024 ஆகஸ்டில் 60 பவுண்டிலிருந்து 80 பவுண்டாக உயர்த்தியது, அதுவும் ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக. அங்குள்ள பெற்றோர் சிலர் அபராதத்தையும் பயணச் செலவில் ஒரு வரியாகச் சேர்த்து, அப்போதும் மலிவுதான் என்று கிளம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆசிரியரின் இடத்திலிருந்து பார்த்தால், வகுப்பில் கால்வாசிப் பேர் இல்லாத வாரத்தில் எந்தப் பாடத்தை நடத்துவது என்ற கேள்வியும் நியாயமாகத்தான் படுகிறது.

போய்ச் சேரும் ஊர்கள் விதிக்கும் வரிகளின் மீது எனக்குப் பெரிய கோபமில்லை. வெனிஸ் 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த நாட்களில் ஒருநாள் பயணிகளிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. இரவு தங்குபவர்களுக்கும் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கும் அது இல்லை. ஆம்ஸ்டர்டம் விடுதிக் கட்டணத்தின் மீது 12.5 சதவீதம் வாங்குகிறது. பூட்டான் 200 டாலராக இருந்த நாள் கட்டணத்தை 2023 செப்டம்பரில் பாதியாகக் குறைத்த பிறகும், பெரும்பாலான வெளிநாட்டவர் ஓர் இரவுக்கு 100 டாலர் கொடுக்க வேண்டும், சிறுவர்களுக்குப் பாதி. தெருக்களையும் குப்பையையும் தண்ணீரையும் நம்மோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும் அந்த ஊர்க்காரர்கள் அதற்கு விலை கேட்பது தவறல்ல. என் மனக்குறை, அந்தத் தொகை முன்கூட்டியே தெரிந்திருந்தும் கொட்டேஷனின் மொத்தத்தில் சேர்க்கப்படாமல், ‘விடுதியில் நேரடியாகச் செலுத்தவும்’ என்று ஆறாம் பக்கத்தில் ஒதுக்கப்படுவதில்தான்.

குறைந்த விலை என்று நம்பி ஏமாந்த கதையும் ஒன்று உண்டு. இடையில் ஒருமுறை, மற்ற எல்லோரையும்விட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகச் சொன்ன ஒரு நிறுவனத்தின் மூலம் போனோம். மூன்றாம் நாள் காலை, அருவிக்குப் போகும் வழியில் ‘சிறு ஓய்வு’ என்று பேருந்தை நிறுத்தினார்கள். நின்ற இடம் நகைக்கல் விற்கும் பெரிய கூடம். ஒன்றே கால் மணி நேரத்துக்கு முன் யாரும் வெளியே வர முடியாதபடி கதவுக்குக் கதவு விற்பனையாளர்கள். அதே நாளில் தோல் பொருள் கடை ஒன்று, மெத்தைக் கடை ஒன்று. அருவியைப் பார்க்கக் கிடைத்தது 40 நிமிடம். வெளிநாட்டுப் பயணத்தில் மெத்தை வாங்கி யார் விமானத்தில் ஏற்றுவார் என்று நான் சிரித்தேன். எங்கள் குழுவில் ஒருவர் வாங்கினார். குறைத்த கட்டணத்தை அந்தக் கடைகள் தரும் கமிஷனிலிருந்து மீட்பதுதான் அந்தத் தொழிலின் கணக்கு என்பது பிறகுதான் புரிந்தது. நாங்கள் மிச்சப்படுத்திய பணத்துக்கு ஒரு முழு நாளைக் கொடுத்திருந்தோம்.

இவ்வளவுக்கும் பிறகு, எல்லாவற்றையும் நாமே தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டால் என்ன என்று கேட்பார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். தனித்தனியாகக் கூட்டினால் சில ஊர்களுக்குக் கொஞ்சம் குறையவும் செய்தது. ஆனாலும் என்னைத் தடுத்தது 2019 செப்டம்பர் 23. அன்று, தாமஸ் குக் தொடங்கிய டூர் நிறுவனமே 178 ஆண்டுகளுக்குப் பிறகு திவாலானது. உலகெங்கும் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் பயணத்தின் நடுவே இருந்தார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஒன்றரை லட்சம் பேரை அந்நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம் இரண்டு வாரங்களில் வாடகை விமானங்களில் திரும்ப அழைத்து வந்தது. பேக்கேஜாக வாங்கியிருந்தவர்களைக் காத்தது, ஒவ்வொரு பதிவிலும் தலைக்கு இரண்டரை பவுண்டு என்று சேர்த்து வைக்கப்பட்ட பாதுகாப்பு நிதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு பேக்கேஜ் பயண விதிகள் இன்னும் நுணுக்கமானவை: எரிபொருள், வரி, நாணய மாற்று ஆகிய காரணங்களுக்காக மட்டுமே பதிவுக்குப் பின் விலையை ஏற்றலாம், அதையும் கிளம்புவதற்கு 20 நாட்களுக்கு முன்பே சொல்ல வேண்டும், ஏற்றம் 8 சதவீதத்தைத் தாண்டினால் வாடிக்கையாளர் அபராதமின்றி விலகிக்கொள்ளலாம். ஏற்றும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும் நிறுவனம், அதே செலவுகள் குறையும்போது விலையைக் குறைக்கவும் கடமைப்பட்டிருக்கிறது என்பதும் அந்த விதிகளில் உண்டு. எந்த நாட்டிலிருந்து பதிவு செய்தாலும், இப்படி ஒரு வரி நம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, விடுதியில் நீச்சல் குளம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் இதுவரை மூன்று பயணங்களிலும் நீச்சல் குளத்தைத்தான் பார்த்திருந்தேன்.

கடைசியில் முகவருக்குத் தொலைபேசினேன். ‘அடங்காதவை’ பட்டியலில் இருக்கும் 22 வரிகளில், நாங்கள் எப்படியும் கொடுத்தே ஆக வேண்டியவை அத்தனையையும் மேலே ஏற்றி, நால்வருக்கும் சேர்த்து ஒரே தொகையாக எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். “தொகை பெரிசாத் தெரியுமே மேடம், யாரும் அப்படிக் கேக்கறதில்லையே” என்று தயங்கினார். பெரிதாகவே தெரியட்டும், எப்படியும் கொடுக்கப்போவது நாங்கள்தானே என்றேன். மகனுக்குப் பன்னிரண்டு நிறைவதற்கு முன்னால் கிளம்பும்படி தேதியையும் ஒன்பது நாட்கள் முன்னே தள்ளச் சொன்னேன்.

மாலையில் புதிய கொட்டேஷன் வந்தது. இரண்டு பக்கம். அந்த மொத்தத் தொகையை இரவு சாப்பாட்டுக்குப் பின் நானும் கணவரும் மாறி மாறிப் பார்த்தோம்; பிறகு அவர் பென்சிலை எடுத்து, இம்முறை முழுதாக நான்கால் வகுத்தார். ஏழு இரவுகளை ஐந்தாக்கச் சொல்லி மறுபடியும் அனுப்பி, மறுநாள் காலை முன்பணம் கட்டினோம். இறுதியாக வந்த தாளில் ‘அடங்காதவை’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் இருக்கின்றன: சலவை, டிப்ஸ். ‘கட்டாய’ என்ற சொல்லை அவரே எடுத்துவிட்டிருந்தார்.